மாமாவின் வண்டியும் பாஸ்கல் விதியும்

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

வண்டி என்பது ஓடுவதற்காகவே செய்யப்பட்டது. ஆயினும் ஓடுகிற வண்டியின் உயிர் அது நிற்பதில்தான் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரோட்டத்தைக் கண்டவர்கள் இதை நன்கு அறிவார்கள். வடம் பிடித்து இழுக்க ஆயிரமாயிரம் கைகள் உண்டு. ஆனால், உருண்டு வரும் பெருஞ்சக்கரத்தின் அடியில் சரியான நேரத்தில், சரியான இடத்தில் முட்டுக்கட்டை போடுவதற்குப் பழகிய கைகள் வேண்டும். கட்டையைப் போடத் தெரிவது பாதி வித்தை. போட்ட கட்டையை எடுக்கத் தெரிவது மறு பாதி. கட்டையை எடுக்காமல் தேரை இழுத்தால் வடம்தான் அறுந்துபோகும்.

அந்த மறு பாதியை மறந்துபோன ஒரு சின்னஞ்சிறு வண்டியைப் பற்றியே இங்கு எழுத வந்தேன். அது என் தாய்மாமாவின் மூன்று சக்கர ஸ்கூட்டர். எண்ணிப் பார்த்தால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, பக்கத்திற்கு ஒன்றாக இரண்டு என நான்கு சக்கரங்கள் இருக்கும். ஆயினும் ஊர் வாயில் அது ‘மூணு சக்கர வண்டி’. பட்டறைகளில் ‘சைடு வீல் வண்டி’.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். தாத்தா கைநாட்டு. அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்று, ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலைக்கு வேலைக்குப் போனவர். அம்மாவின் தம்பிக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இரு கால்களும் சூம்பிவிட்டன. இந்தியாவில் கடைசிப் போலியோ நோயாளி மேற்கு வங்காளத்தின் ஹௌராவில் 2011 ஜனவரியில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச் 27-ஆம் நாள் நம் நாடு உள்ளிட்ட தென்கிழக்காசியப் பகுதியைப் போலியோ அற்றதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. என் மாமா அந்த நல்ல காலத்துக்கு முன்பே பிறந்துவிட்டவர்.

ஆனால், அவர் எவர் கையையும் எதிர்பார்த்து உட்கார்ந்தவர் அல்லர். தளவாய்புரம், முகவூர்ப் பக்கம் தைக்கப்படும் நைட்டிகளை மொத்தமாக எடுத்து, ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுபோய்த் தெருத் தெருவாக விற்பது அவர் தொழில். போக வர நாள்தோறும் 24 கிலோமீட்டர். அந்த வருமானத்தில் அவர் பிள்ளைகளின் சோறும் இருக்கிறது, என் தேர்வுக் கட்டணமும் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு நம் மாநில அரசு இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர்களை விலையின்றி வழங்கி வருவதை அறிவீர்கள். மாமாவோ பழைய ஸ்கூட்டர் ஒன்றைத் தன் சேமிப்பில் வாங்கி, ஒரு பட்டறையில் பக்கச் சக்கரங்கள் மாட்டிக்கொண்டவர். கால் இல்லாத குறையை அந்த வண்டி தீர்த்தது. ஆனால், அதை நிறுத்துவதற்கு அவருக்கு இருப்பது இரண்டு கைகள் மட்டுமே. நம்மைப் போல அவசரத்துக்குக் காலை ஊன்ற முடியாது. குதித்து இறங்கவும் முடியாது. பிரேக் பொய்த்தால் அவருக்கு வேறு வழியே இல்லை.

அந்த வண்டியின் முன்சக்கரம் சுடத் தொடங்கியது.

ராஜபாளையத்தில் பஞ்சு மார்க்கெட்டைத் தாண்டும்போது வண்டி லகுவாகத்தான் ஓடும். நான்கைந்து கிலோமீட்டர் போனதும் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல மந்தப்படும். கருகல் வாடை வரும். நிறுத்தி, முன்சக்கரத்து டிஸ்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் ‘சுர்’ரென்று பொரியும். லிட்டருக்கு 35 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 28-க்கு இறங்கியது. முதல் பட்டறையில் பிரேக் பேட் மாற்றினார்கள். இரண்டாம் பட்டறையில் காலிப்பரைக் கழற்றிச் சுத்தம் செய்து, ரப்பர்களை மாற்றினார்கள். மறுபடி முதல் பட்டறைக்கே போனதில் டிஸ்க் கோணியிருக்கும் என்று டிஸ்க்கையே மாற்றினார்கள். பணம் போயிற்று, சூடு போகவில்லை.

கடந்த ஆடி மாதம், திருவிழா வியாபாரத்துக்காக வழக்கத்தைவிடக் கூடுதல் சுமை ஏற்றிக்கொண்டு போனார். ஸ்ரீவில்லிபுத்தூரை நெருங்கும் இடத்தில் வலக்கை லீவரைப் பிடித்தபோது அது பஞ்சு போல அமுங்கிக் கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டது. முன்பிரேக் அறவே இல்லை. இடக்கை பிரேக்கை முழு வலுவோடு பிடித்துச் சாலையோர மண்ணில் வண்டியை இறக்கி நிறுத்தியிருக்கிறார். அன்று இரவு எங்கள் வீட்டில் நடந்த பேச்சு இன்னும் என் காதில் இருக்கிறது.

“வண்டிய வித்துப்போடு தம்பி. உனக்குன்னு பொண்டாட்டி, பிள்ளைக இருக்கு” என்றார் அம்மா.

“வித்துட்டு என்னக்கா செய்ய? வீட்டுக்குள்ள உக்காந்து செவுத்தப் பாக்கவா?” என்றார் மாமா. பிறகு என் பக்கம் திரும்பி, “மாப்ளே, நீ படிக்கிற படிப்புல இதுக்கு ஏதும் வழி இருக்காடா?” என்று கேட்டார்.

நண்பர்களே, இரண்டாண்டுகளாக எழுதிய எந்தத் தேர்விலும் இவ்வளவு கடினமான வினாவை நான் சந்தித்ததில்லை.

உராய்வு வெப்பத்தைத் தரும் என்பதை நாம் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். மியூனிக் நகரில் பீரங்கிக் குழாய்களைத் துளையிடும்போது எழும் வெப்பத்தை ஆராய்ந்து ரம்ஃபோர்டு பிரபு 1798-இல் வெளியிட்ட கட்டுரை நம் வெப்பவியல் பாடத்தில் வருகிறது. நெருப்பே இல்லாமல், வெறும் உராய்வினால் இரண்டரை மணி நேரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்தார் அவர். மாமாவின் முன்சக்கரத்தில் நடந்ததும் அதுவே. ஆனால், எவ்வளவு?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அளந்து பார்த்தேன். பக்கச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் கொடுத்து, வண்டியின் அடியில் மரக்கட்டை அண்டக் கொடுத்து முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினேன். டயரின் விளிம்பைச் சுற்றிக் கயிறு கட்டி, அதன் நுனியில் பழைய வில் தராசு ஒன்றை மாட்டி மெல்ல இழுத்தேன். வண்டி ஆறியிருந்தபோது அரைக் கிலோவுக்கும் குறைவான இழுப்பிலேயே சக்கரம் சுழன்றது. ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து உடனே இழுத்தபோது தராசு 5 கிலோ காட்டிய பிறகுதான் அசைந்தது.

ஐந்து கிலோ என்பது ஏறத்தாழ 50 நியூட்டன். மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போகும்போது இந்தத் தடை விழுங்கும் திறன் 500 வாட். அரைக் கிலோவாட் அடுப்பு ஒன்று அந்தச் சிறு டிஸ்க்கின்மேல் இடைவிடாமல் எரிவதற்குச் சமம் இது! வண்டி, மாமா, சுமை எல்லாம் சேர்த்து 260 கிலோ என்று கொண்டால், அந்த வேகத்திலிருந்து ஒருமுறை முழுதாக நிறுத்துவதில் பிறக்கும் வெப்பம் 13,000 ஜூல். வழி நெடுக இதே இழுப்பு இருந்தால் 12 கிலோமீட்டரில் சேரும் வெப்பமோ 6 லட்சம் ஜூல். ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேருவதற்குள் 46 முறை பிரேக் பிடித்து நிறுத்திய சூட்டை, ஒருமுறைகூட நிறுத்தாமலே அந்தச் சக்கரம் தாங்கியிருக்கிறது. மாதத்துக்கு நான்கு லிட்டருக்கு மேல் பெட்ரோல் எங்கே போயிற்று என்பதற்கும் இதுவே விடை.

லீவர் ஏன் பஞ்சாகிப் போனது என்பதும் விளங்கியது. டிஸ்க் பிரேக் என்பது பாஸ்கல் விதியின் பிள்ளை. கை அழுத்தும் அழுத்தத்தை பிரேக் ஆயில் குறையாமல் சக்கரத்துக்குக் கொண்டுபோகிறது. திரவம் எளிதில் சுருங்காது என்ற ஒரே நம்பிக்கையில்தான். அந்த ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 என்னும் வகை புதிதாக இருக்கையில் 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் அந்த எல்லை 155 பாகை அளவுக்கு இறங்கிவிடலாம். டாட் 3 வகைக்கு அது 205, 140. கொதித்தால் ஆவிக் குமிழிகள் தோன்றும். ஆவி சுருங்கும். பிறகு கை அழுத்துவதெல்லாம் குமிழிகளைச் சுருக்குவதற்கே செலவாகும். சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச் சேராது.

இனி, குற்றவாளி யார்? நோயையும் நோயின் முதலையும் தேடிய பிறகே மருந்தை நினைக்கச் சொன்னார் வள்ளுவர். பட்டறைக்காரர்களைக் குறை சொல்ல நான் துணியமாட்டேன். வண்டி அங்கே போய், முறை வருவதற்குள் அரைமணி நேரத்தில் சக்கரம் ஆறிவிடும். ஆறிய சக்கரம் காற்றாடியாய்ச் சுழலும். நோய் ஒளிந்துகொண்ட நேரத்தில் மருத்துவரிடம் போனால் அவர்தான் என்ன செய்வார்? ஆகவே சூடாக இருக்கும்போதே சோதிப்பது என்று முடிவு செய்தேன்.

சக்கரம் கவ்விக்கொண்டிருந்த நிலையில், காலிப்பரில் காற்று எடுப்பதற்கென்று உள்ள சிறு நிப்பிளில் குழாய் மாட்டி, அதன் மறுமுனையைப் புட்டிக்குள் விட்டு, கால் திருகு மட்டும் தளர்த்தினேன். ‘புசுக்’கென்று சிறிது ஆயில் பீறிட்டது. அந்தக் கணமே சக்கரம் விடுபட்டது! காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டன் துருப்பிடித்தோ, அதன் ஊசிகள் காய்ந்தோ இறுகியிருந்தால் ஆயிலை வெளியேற்றியும் சக்கரம் விட்டிராது. ஆக, காலிப்பர் நிரபராதி. அழுத்தம் உள்ளே சிறைப்பட்டுக் கிடக்கிறது. திரும்பிப் போக வழியில்லை.

அடுத்த சோதனை, மறுபடி ஓட்டிச் சூடாக்கிய பின். இம்முறை மேலே, கைப்பிடி அருகில், குழாய் மாஸ்டர் சிலிண்டரோடு சேரும் போல்ட்டைத் துணி சுற்றிக்கொண்டு லேசாகத் தளர்த்தினேன். அப்போதும் சக்கரம் விட்டது. ரப்பர்க் குழாய் உட்புறம் வீங்கி அடைத்திருந்தால், மேலே தளர்த்தினாலும் கீழே அழுத்தம் அப்படியே நின்றிருக்கும். ஆக, குழாயும் நிரபராதி. குற்றம் மாஸ்டர் சிலிண்டரின் வாசலுக்கு வந்து சேர்ந்தது.

மாஸ்டர் சிலிண்டரின் அமைப்பை இங்கே சொல்லியாக வேண்டும். ஆயில் தொட்டிக்கும் சிலிண்டருக்கும் இடையே மிக நுண்ணிய துளை ஒன்று உண்டு. லீவரை விட்டதும் பிஸ்டன் முழுதாகப் பின்வாங்கி அந்தத் துளையைத் திறந்துவிடும். சூட்டால் விரிந்த ஆயில் அதன் வழியே தொட்டிக்குத் திரும்பும். பிஸ்டன் ஒரு மில்லிமீட்டர் குறைவாகப் பின்வாங்கினாலும் துளை மூடியே கிடக்கும். அப்போது விரிந்த ஆயில் பேட்களைத்தான் தள்ளும். தள்ளினால் உராய்வு, உராய்ந்தால் சூடு, சூடேறினால் மேலும் விரிவு. தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் சுழல் இது. ஆறியதும் ஆயில் சுருங்கி, ஒன்றுமே நடவாதது போலச் சக்கரம் விட்டுவிடும்.

தொட்டியின் மூடியைத் திறந்து, லீவரை மெல்ல அசைத்துப் பார்த்தேன். நல்ல நிலையில் உள்ள சிலிண்டரில், லீவர் அசையத் தொடங்கும் தருணத்தில் அந்த நுண்துளையிலிருந்து ஆயில் ஊற்றுப் போல மெல்லக் கிளம்பும். இங்கே அசைவே இல்லை. துளை மூடிக் கிடந்தது. ஆனால், வலக்கை லீவரிலோ ஆட்டம் தாராளமாக இருந்தது! லீவரில் ஆட்டம் இருந்தால் பிஸ்டன் விடுபட்டிருக்கிறது என்றுதான் எவரும் நினைப்பார்கள். அப்படியானால் பிஸ்டனைப் பிடித்துக்கொண்டிருப்பது வேறு யார்?

நம் நாட்டில் 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி. வரையுள்ள இருசக்கர வண்டிகளில் முன், பின் பிரேக்குகளை இணைக்கும் ஏற்பாடோ, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏற்பாடோ கட்டாயமாக்கப்பட்டுள்ளது. மாமாவின் வண்டியில் இருப்பது முதல் வகை. இடக்கை லீவரைப் பிடித்தால் பின்பிரேக்கோடு முன்பிரேக்கும் சிறிது பிடிக்கும். அதற்காக இடப்புறமிருந்து ஒரு கேபிள் வந்து, வலப்புற மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும் சிறு கையை இழுக்கிறது. அந்தக் கேபிளை விரலால் தொட்டேன். வீணைத் தந்தி போல விறைத்து நின்றது. இம்மியும் தளர்ச்சி இல்லை.

விசாரித்தபோது வரலாறு தெரிந்தது. பக்கச் சக்கரம் மாட்டிய காலத்தில், “சுமை ஏத்துற வண்டி, பிரேக் நல்லாப் பிடிக்கணும்” என்று மாமாவே கேட்டிருக்கிறார். அங்கிருந்தவர்களும் நல்லெண்ணத்தோடு அந்தக் கேபிளின் நட்டைக் கடைசிவரை முறுக்கிவிட்டிருக்கிறார்கள். அன்று முதல், யாரும் தொடாமலே ஒரு கை பிஸ்டனை மெல்லத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. பிஸ்டன் லீவரை விட்டு விலகி நின்றதால்தான் வலக்கை லீவரில் அத்தனை ஆட்டம். சூடு வலப்பக்கம், முன்னால், கீழே. பிழையோ இடக்கையிலிருந்து வந்த கம்பியில். பாதுகாப்புக்கென்று முறுக்கியதே ஆபத்தாக முடிந்தது.

அந்த நட்டைத் தளர்த்த ஒரு ஸ்பேனரும் இரண்டு நிமிடமும் போதுமானதாக இருந்தன. தளர்த்தியதும் தொட்டிக்குள் அந்தச் சிறு ஊற்று கிளம்பியதை மாமாவும் எட்டிப் பார்த்தார். ஆயினும் வேலை அதோடு முடியவில்லை. தேயிலைச் சாயம் போலக் கறுத்திருந்த பழைய ஆயிலை நீக்கி, மூடியில் குறித்திருந்த வகையில் புதுப்புட்டி உடைத்து ஊற்றிக் காற்று எடுக்க வேண்டும். கேபிளைத் தளர்த்தியதும் பின்பிரேக்கின் உண்மையான பலவீனமும் வெளிப்பட்டது. அதன் ஷூக்கள் தேய்ந்து போயிருந்தன. இவை கைப்பழக்கம் உள்ளவர் செய்ய வேண்டிய வேலைகள். ஆகவே வண்டியை முதல் பட்டறைக்கே கொண்டு போனோம். நடந்ததைச் சொன்னதும் அந்த மெக்கானிக், “கேபிளா அண்ணாச்சி? கேபிளா இத்தனையும் பண்ணுச்சு?” என்று வியந்து, தன்னிடம் வேலை பழகும் பையனைக் கூப்பிட்டு அந்தத் துளையைக் காட்டினார். எனக்கு ஒரு மணி நேரம் பிடித்திருக்கக்கூடிய வேலையை அவர் கைகள் கால் மணியில் முடித்தன. ஷூவுக்கும் ஆயிலுக்கும் மட்டும் காசு வாங்கிக்கொண்டார். கூலி வாங்க மறுத்துவிட்டார்.

மறுநாள் முழுச் சுமையோடு ஸ்ரீவில்லிபுத்தூர் வரை மாமாவோடு வேறொரு வண்டியில் கூடவே போனேன். மூன்று கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி, டிஸ்கில் சொட்டுத் தண்ணீர் விட்டோம். எங்கும் பொரியவில்லை. போய்ச் சேர்ந்ததும் கயிறு கட்டி இழுத்தேன். தராசு அரைக் கிலோவைத் தாண்டவில்லை.

மூன்று சக்கரத்துக்கும் பிரேக்குக்கும் உள்ள வழக்கு நேற்றுத் தோன்றியதன்று. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் 1886 ஜனவரி 29-இல் காப்புரிமை கோரிய முதல் மோட்டார் வண்டிக்குச் சக்கரங்கள் மூன்றே. 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா பென்ஸ் தம் இரு மகன்களோடு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் அதில் பயணம் செய்தார். வழியில் பிரேக் கட்டைகள் தேய்ந்துபோகவே, செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவரிடம் சொல்லி அவற்றில் தோல் அடித்துக்கொண்டார். இன்றைய பிரேக் பேட்களின் பாட்டி அந்தத் தோல் துண்டுதான் என்பார்கள். அம்மையார் கண்ட தேவையும், அந்தத் தொழிலாளியின் கைத்திறனும் சேர்ந்த இடத்தில் பிறந்தது அது. நம் ஊர்ப் பட்டறையிலும் அவ்விரண்டும் சேர முடியும் என்பதை நான் கண்ணாரக் கண்டேன்.

நண்பர்களே! உங்கள் வீட்டிலோ தெருவிலோ இத்தகைய வண்டி ஓட்டுபவர் இருந்தால் அவர்களிடம் இதைச் சொல்லுங்கள். நிறுத்தியதும் முன்சக்கரத்தின் அருகில் கையைக் கொண்டுபோய் அனலடிக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். டிஸ்க்கைத் தொட வேண்டாம். அனலடித்தால் ஆறும்வரை காத்திராமல் அப்போதே மெக்கானிக்கிடம் காட்டச் சொல்லுங்கள். பேட்டை மாற்றும் முன், இரு கை லீவர்களின் கேபிள்களிலும் சிறிது தளர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். லீவர் பஞ்சு போல அமுங்கினால் ஓரங்கட்டி நிறுத்தி, ஆறிய பின்னும் ஓட்டாமல் முதலில் ஆயிலை மாற்றச் சொல்லுங்கள்.

பாஸ்கல் விதியை நான் பன்னிரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதிப் பழகியிருந்தேன். அதே விதி, பதினெட்டு நைட்டிக் கட்டுகளையும் ஒரு மனிதரையும் பத்திரமாக நிறுத்தித் தரும் என்பது அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு உறைத்தது. வண்டியை விற்கச் சொல்லி அம்மா இப்போது பேசுவதில்லை. மாமா வழக்கம்போலக் காலை ஏழு மணிக்குக் கிளம்பிவிடுகிறார். வண்டி பழையபடி 35 கொடுக்கிறது. மிச்சமாகும் நான்கு லிட்டர்க் காசை உண்டியலில் போட்டு வருகிறார். எதற்கு என்று கேட்டேன்.

“மூணாம் வருசத்துப் பீசுக்குடா மாப்ளே” என்றார்.